முதலில் கூரை, பிறகு ஸ்கேன்: ஒரு கணக்குப்பிள்ளை வீட்டுக் காகிதங்களும் எங்கள் கண்மாயும்

பழைய காகிதங்களைப் பாதுகாக்கிறோம் என்று சொன்னவுடன் எல்லாரும் கேட்பது, "ஸ்கேன் செய்துவிட்டீர்களா?" என்றுதான். கண்மாயைச் சீரமைக்கிறோம் என்றால், "எத்தனை ஜே.சி.பி. வருகிறது?" என்கிறார்கள். கேட்பவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இவை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டிய கேள்விகள். புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் ஊரில் ஒரு வீட்டின் பழைய பெட்டிகளையும் ஒரு கண்மாயையும் சேர்த்தே கவனித்து வருகிறோம். அந்த வேலையில் எங்கள் சிறு குழுவுக்குத் தெரியவந்ததை, இதே போன்ற வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அது ஊரின் நிலக் கணக்கையும் வரிக் கணக்கையும் எழுதிவந்த, எங்கள் ஊரின் கடைசிக் கணக்குப்பிள்ளையின் வீடு. 1980 நவம்பரில் கணக்குப்பிள்ளை உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளைத் தமிழக அரசு ஒழித்தபோது, நடப்புப் பதிவேடுகள் அரசிடம் போய்விட்டன. அதற்கு முந்தைய தலைமுறையினர் தங்கள் கைக்காக எடுத்து வைத்திருந்த நகல்கள், குறிப்பேடுகள், ஓலைக் கணக்குகள், துணி ஒட்டிய வரைபடங்கள் ஆகியவை வீட்டுப் பரணிலேயே தங்கின. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணைவதற்கு முந்தைய தாள்களும் அவற்றில் உண்டு. இப்படிப்பட்ட வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இருக்கின்றன. வீட்டை இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ இவை பழைய பேப்பர் கடைக்குப் போகும். அல்லது கொல்லையில் எரியும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து எங்கள் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. தென்னைகள் சாய்ந்தன, ஓடுகள் பறந்தன. அந்த வீட்டுப் பரணின் மேலேயும் வானம் தெரிந்தது. காகிதம் நனைந்தால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். நனைந்த புத்தகங்களை உறைகுளிரில் வைத்துவிட்டு, அவகாசம் எடுத்துக்கொண்டு பிறகு உலர்த்துவது ஆவணக் காப்பகங்களில் உள்ள வழி. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊரில் அதற்கு எங்கே போவது? மின்விசிறிகூட இல்லை. இருந்தவை நிழலான தாழ்வாரம், காற்று, கொடிக்கயிறு, பழைய பருத்தி வேட்டிகள் ஆகியவைதாம். அவை போதுமாக இருந்தன.

எதை முதலில் எடுப்பது என்பதைச் சொன்னவர் அந்த வீட்டு அப்பத்தா. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர். "அந்தச் சிவப்புத் துணி மூட்டையை முதலில் பாருங்கள் தம்பி. கண்மாய்க் கணக்கு அதில்தான் இருக்கிறது. தண்ணீருக்குச் சண்டை வந்தால் அவர் அதைத்தான் இறக்குவார்" என்றார். எது எப்போது பயன்பட்டது, யார் கேட்டு வந்தார்கள், எதைக் காட்டிய பிறகு வழக்கு அடங்கியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்தப் பட்டியலிலும் இது இருக்காது. ஆகவே இத்தகைய வீட்டுக்குப் போகிறவர்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன் வீட்டில் மூத்தவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்; அனுமதி கொடுத்தால் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நனையாத காகிதம் இன்னும் ஐந்து ஆண்டு பொறுக்கும். எண்பத்தைந்து வயது நினைவு பொறுக்காது.

நனைந்த தாள்களைப் பற்றிச் சில விவரங்கள். வெயிலில் உலர்த்தவே கூடாது. தாள் சுருண்டு, மை வெளுத்துவிடும். ஒட்டிக்கொண்ட தாள்களை இழுத்துப் பிரிக்கக் கூடாது. கட்டாகவே ஓரளவு உலரவிட்டால் பல தாள்கள் தாமாகவே விடுபடும். இடையிடையே வெள்ளைப் பருத்தித் துணி வைத்து, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அச்சிட்ட செய்தித்தாளை ஈரத் தாளின் மேல் நேரடியாக வைத்தால் அதன் மை ஒட்டிக்கொள்ளும். பழைய அலுவலகங்களில் காப்பி பென்சில் என்று ஒன்று இருந்தது. உலர்ந்த நிலையில் சாதாரண பென்சில் எழுத்தைப் போலவே இருக்கும். ஈரம் பட்டால் ஊதாவாகக் கரைந்து பரவும். அப்படிப்பட்ட தாள்களைத் தனியாக, கிடையாக வைத்து, துணியால் ஒற்றி எடுக்கலாமே தவிரத் துடைக்கக் கூடாது. துணி ஒட்டிய வரைபடங்கள் எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கின. பனையோலைக்குத் தண்ணீரைவிடப் பூச்சிதான் பெரிய பகை என்பதால், சுவடிகளைக் கடைசியில் பார்த்தோம்.

உலர்ந்த பிறகு வந்ததுதான் கடினமான வேலை. எல்லாவற்றையும் ஒரே அளவு அக்கறையோடு காக்க யாராலும் முடியாது. அரசுக் காப்பகங்களாலேயே முடிவதில்லை. நாங்கள் ஒவ்வொரு கட்டையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: இது அழிந்தால் வேறெங்காவது கிடைக்குமா? பதிவு செய்த கிரயப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் உண்டு. அச்சான அரசிதழ் ஏதாவது ஒரு நூலகத்தில் இருக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் எந்த மடையில் எத்தனை நாழிகை தண்ணீர் விட்டார்கள் என்ற கைக்குறிப்பு உலகத்தில் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. 1950களின் மொய் நோட்டுகளும் அப்படியே. எங்கள் பக்கத்தில் மொய் என்பது சின்ன விஷயமல்ல. கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்துக்கென்றே பந்தல் போடுவார்கள். யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள் என்ற அந்த நோட்டுகள் ஓர் ஊரின் உறவு வரைபடம். பார்வைக்கு அழகான பழைய பஞ்சாங்கங்களையும் காலண்டர் படங்களையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கறை படிந்த மொய் நோட்டை முன்னுக்குக் கொண்டுவந்ததில் எனக்கு இன்றும் முழு நிறைவு.

அதே மொய் நோட்டுகளை இணையத்தில் போடுவதில்லை என்றும் அன்றே முடிவெடுத்தோம். கடன், சாதி, குடும்பச் சண்டை எல்லாம் அதில் உண்டு. பெயர்களுக்கு உரியவர்களின் பிள்ளைகள் அதே தெருவில் வாழ்கிறார்கள். பாதுகாப்பது வேறு, வெளியிடுவது வேறு. குறிப்பிட்ட காலம் வரை மூடி வைத்திருப்பதும் ஆவணக் காப்பகங்களின் பழைய வழக்கம்தான். இதில் விட்டுக்கொடுத்தால் அடுத்த வீடு உங்களுக்குக் கதவு திறக்காது. அதே காரணத்துக்காகத்தான் எதையும் வீட்டை விட்டு எடுத்துப்போகவில்லை. எடுக்க நேர்ந்தால் எண்ணிக்கையோடு கையெழுத்திட்ட சீட்டு கொடுத்தோம்.

ஒரு நண்பர் வெளிநாட்டிலிருந்து ஸ்கேனர் வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்தப் பணத்தில் ஓடு மாற்றித் தர முடியுமா என்று கேட்டோம். அவருக்கு முதலில் வருத்தம். கூரை ஒழுகினால் அடுத்த ஐப்பசியில் ஸ்கேன் செய்ய எதுவும் மிஞ்சாது என்று விளக்கியதும் ஒப்புக்கொண்டார். கூரைக்குப் பிறகு சுவர். கரையான் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும்தான் ஏறும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வைத்தாலே செல்லரிப்பு பாதிக்கு மேல் குறையும், மண்கோடு தெரிந்தால் உடனே கண்ணில் படும். இராமபாணப் பூச்சி ஏட்டைத் துளைத்துக்கொண்டே போகும். அதற்கு மருந்தைவிட அடிக்கடி பிரித்துப் பார்ப்பதுதான் வழி. பழைய நூலகங்களில் டி.டி.டி., கெமாக்சின் போன்ற நச்சுப் பூச்சிக்கொல்லிகளைத் தூவிய வழக்கம் இருந்தது. ஆகவே யார் வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் கையுறையும் முகக்கவசமும் வேண்டும்.

குளிர்சாதனம் பற்றியும் சொல்ல வேண்டும். நகரத்தில் ஒரு நூலகத்தில் அரிய நூல்கள் அறைக்குப் பெருஞ்செலவில் ஏ.சி. பொருத்தியிருந்தார்கள், மாலையில் அலுவலகம் முடிந்ததும் அணைத்துவிடுவார்கள். பகலில் குளிர்ந்து உலர்ந்த காகிதம் இரவில் ஈரத்தைக் குடிக்கும், மறுநாள் மீண்டும் உலரும். இப்படித் தினமும் விரிந்து சுருங்குவது, ஏ.சி.யே இல்லாமல் காற்றோட்டமான அறையில் இருப்பதைவிடக் கெடுதல். இருபத்து நான்கு மணி நேரமும் ஓட்ட வசதி இல்லையென்றால், எதிரெதிர் சாளரங்களும் தடித்த சுவரும் போதும் என்று இருந்துவிடுங்கள்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளோடு ஒன்றிப் போய்விடும்; பிறகு பிரிக்க முடியாது. செல்லோ டேப், ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். புகைப்படத்தின் பின்புறம் பேனாவால் எழுதாமல் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்.

ஓலைகளுக்கு நம் முன்னோர் செய்தது இன்றும் பொருந்துகிறது. மென்தூரிகையால் தூசி தட்டி, எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு லேசாகத் துடைத்தால் ஓலைக்கு நெகிழ்ச்சி திரும்பும், பூச்சியும் அண்டாது. எழுத்தாணியால் கீறிய எழுத்து என்பதால் எண்ணெய் அதை அழிக்காது. மையால் எழுதிய ஓலையிலோ வண்ணம் தீட்டிய ஓலையிலோ இதைச் செய்யக் கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைத்தோம். ஏடுகளை மேலும் கீழும் சட்டம் வைத்து, கயிற்றை இறுக்காமல் கட்ட வேண்டும். இறுக்கினால் துளையிலிருந்தே ஓலை கிழியும்.

ஓலைகள் பிழைத்ததோடு வேலை முடியவில்லை. அந்தக் கணக்குகள் பழைய தமிழ் எண்களிலும் பின்னங்களிலும் எழுதப்பட்டவை. மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இவற்றை ஓட்டமாகப் படிப்பவர்கள் இன்று மிகச் சிலர். படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரை அடுத்த வட்டத்திலிருந்து அழைத்து வந்து, அவர் வாசிக்க வாசிக்க எங்கள் ஊர்க் கல்லூரி மாணவிகள் எழுதிக்கொண்டார்கள். உ.வே.சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போனபோது, பழைய ஏடுகளைக் குண்டம் வளர்த்து நெய்யில் தோய்த்துத் தீயிலிட்டுவிட்டதாகக் கேட்டுத் துடித்ததைப் பதிவு செய்திருக்கிறார். அழித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு அவை படிக்க முடியாத பழைய ஓலைகள், அவ்வளவுதான். படிக்கும் ஆள் இல்லாமல் போவதுதான் அழிவின் முதல் படி. அதனால்தான் அந்த மாணவிகளுக்குச் செலவழித்த நேரத்தை எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன்.

இதற்கெல்லாம் பிறகுதான் படமெடுத்தோம். நல்ல கேமராவை முக்காலியில் கீழ்நோக்கிப் பொருத்தி, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்தால் போதும், ஃபிளாஷ் தேவையில்லை. ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோலும் கட்டு எண்ணும் இருக்க வேண்டும். பெரிய வரைபடங்களை உருளை ஸ்கேனரில் நுழைக்காமல் தரையில் விரித்துப் பகுதி பகுதியாக எடுத்தோம். மூலக் கோப்புகளைச் சுருக்காத டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு மட்டும் ஜேபெக் ஆக்கினோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தை மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது தரத்தைக் குறைத்துவிடுகிறது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒரு பிரதியாவது வேறு ஊரில். அந்த வேறு ஊர் இன்னொரு புயல் மாவட்டமாக இல்லாமலிருப்பது நல்லது. எங்களுடையது கோயம்புத்தூரில் இருக்கிறது.

ஆண்டுக்கொரு முறை கோப்புகளைத் திறந்து பார்க்கிறோம். திறக்காத டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. வடிவமும் பழையதாகும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது; நூல்களை முதலில் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் கணினிக் குறியீட்டில்தான் தந்தது. பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். யாரோ பொறுமையாக உட்கார்ந்து மாற்றியதால்தான் இன்று நம் கைப்பேசியில் அவை தெரிகின்றன. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த எத்தனையோ ஊர் வரலாறுகளும் மலர்களும் இன்று வெறும் குறிகளாகத் திறக்கின்றன. உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

இனி கண்மாய். சிவப்பு மூட்டையில் இருந்தது வரத்துவாரியின் கணக்கு. மேட்டு நிலங்களில் பெய்யும் மழையைக் கண்மாய்க்குக் கொண்டுவரும் வாய்க்கால் அது. எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை எத்தனை லிங்க் அகலம் என்று அதில் எழுதியிருந்தது. நூறு லிங்க் ஒரு சங்கிலி, ஒரு சங்கிலி 66 அடி. தரையில் போய்ப் பார்த்தால் வாரி பாதி இடங்களில் உழவுக்குள் போயிருந்தது. மேலே தைலமரக் காடுகளைச் சுற்றி எழுப்பிய வரப்புகள் மழைநீரை இறங்கவே விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தூர்வாரும் பணி வந்தது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் நேராகக் கண்மாய்க்குள் இறங்கி ஆழப்படுத்தத் தயாரானார்கள். தண்ணீர் வரும் வழி அடைந்திருக்கும்போது உள்ளே எவ்வளவு தோண்டினாலும் என்ன பயன்? மடையின் தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். அடியில் இருக்கும் களிமண் படுகையைத் தாண்டித் தோண்டினால் தண்ணீர் நிற்கவே நிற்காது. ஊர்க் கூட்டத்தில் இவற்றை எடுத்துச் சொன்னவர்கள் படித்த நாங்கள் அல்லர், தலைமுறையாக மடை திறந்துவரும் குடும்பத்தினர். எங்கள் பங்கு, அவர்கள் சொன்னதற்கு ஆதாரமாகக் கணக்கை விரித்து வைத்தது மட்டுமே.

அங்கேதான் குமிழித்தூம்பு என்ற பழைய கல் மடையின் கதையும் வருகிறது. கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் புதுக்கோட்டைப் பக்கம் நிறையப் பார்க்கலாம். தூண்களுக்கு இடையே, தரைக்கு அடியில் கல்தொட்டி. மேலே ஒரு பெரிய துளை, நீரோடி. கீழே சிறு துளைகள், சேறோடி. மேல் துளையைத் திறந்தால் தெளிந்த நீர் வயலுக்குப் போகும். கீழ்த் துளைகள் வழியே சேறும் அதோடு இழுக்கப்பட்டு வெளியேறும். தண்ணீர் பாய்ச்சும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூரும் வெளியேறும்படி அமைத்திருக்கிறார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை பெருஞ்செலவில் செய்வதை அவர்கள் அன்றாடப் பாசனத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்! பராமரிப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சிந்தித்த பொறியியலை நான் அறியேன். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்ததைச் சொல்கிறது. ஆண்டுதோறும் ஆள் மாறினாலும் வேலை மாறாத ஏற்பாடு.

எங்கள் தூணில் எழுத்து இருந்தது. ஷட்டர் வைத்த கான்கிரீட் மடைக்கு இடைஞ்சல் என்று அதைப் பெயர்க்கப் பார்த்தார்கள். வாக்குவாதம் செய்வதைவிட எழுத்தை உடனே பதிவு செய்வது முக்கியம் என்று முடிவெடுத்து, அன்றிரவே டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுத்தோம். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த ஒளியில் துலங்கும். தண்ணீர் தெளிக்கலாம், சுண்ணம், பெயிண்ட், அமிலம், கம்பித் தூரிகை எதுவும் கல்லைத் தொடக் கூடாது. மறுநாள் கல்வெட்டு அறிந்த ஆசிரியர் ஒருவர் வந்து, கல்லின் மேல் ஈரத் தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தைப் பிரதி எடுக்கும் மைப்படி எடுத்தார். 1887 முதல் கல்வெட்டுத் துறையினர் ஊர் ஊராக எடுத்த மைப்படிகளால்தான், கல்லே காணாமல்போன பல கல்வெட்டுகளின் வாசகம் இன்று நம்மிடம் இருக்கிறது. வாசகத்தைப் படித்துக் காட்டியதும் ஊர்க்காரர்களே தூணைச் சுற்றி நின்றுவிட்டார்கள். புதிய மடை சற்றுத் தள்ளிக் கட்டப்பட்டது. தூண்கள் நிற்கின்றன.

வரத்துவாரியை அளந்து தரும்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். வாரி தனிப் புல எண்ணோடு புறம்போக்காகவே பதிவேட்டில் இருந்ததால் மறுக்க வழியில்லை. நில அளவையர் வந்து கல் நட்டபோது, மூட்டையில் இருந்த லிங்க் கணக்கு பெரும்பாலான இடங்களில் பொருந்தியது. உழுதிருந்தவர்களில் அநேகர் அளவைப் பார்த்ததும் தாமாகவே விட்டுக் கொடுத்தார்கள். அவர்களுடைய தாத்தாக்களின் கைநாட்டு அந்தத் தாளில் இருந்தது. மேற்பகுதியில் இன்னும் அளவை பாக்கி. தைலமர வரப்புகளைத் திறப்பது பற்றிய மனுவும் நிலுவையில் இருக்கிறது.

இப்போது எங்களுக்குள்ள பெரிய கவலை பணம். கட்டடம் கட்டவும் கருவி வாங்கவும் கொடையாளர்கள் கிடைக்கிறார்கள். ஓடு மாற்ற, வாரியில் புல் செதுக்க, டிஸ்க் புதுப்பிக்க யாரும் தருவதில்லை; ஏனென்றால் அதில் கல்வெட்டு வைத்துத் திறந்து வைக்க எதுவும் இல்லை. ஆகவே கண்மாய் மீன் ஏலத்தில் ஊருக்கு வரும் பங்கிலிருந்து ஒரு சிறு தொகையை ஆண்டுதோறும் ஒதுக்க ஊர்க் கூட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் வாரியைச் சுத்தம் செய்யும் அதே நாள்களில் கூரையையும் பெட்டிகளையும் பார்த்துவிடுகிறோம். ஒரே பட்டியல், ஒரே செலவுச் சீட்டு. பெட்டிச் சாவி ஒன்று அப்பத்தாவின் பேத்தியிடம், இன்னொன்று மடை திறக்கும் குடும்பத்து இளைஞரிடம் இருக்கிறது. பழைய எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்ட மாணவிகளில் இருவர் திருமணமாகி வெளியூர் போய்விட்டதால், அடுத்த அணிக்கு இந்தக் கோடை விடுமுறையில் வகுப்பு தொடங்குகிறோம்.